சிடி4 பாக்குற அதே டியூப்ல பூஞ்சைக்கும் பாருங்க: எச்ஐவி திட்டங்களை நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எச்ஐவி சிகிச்சைத் திட்டங்களை நடத்துறவங்களுக்கும், அதுக்கு நிதி ஒதுக்குறவங்களுக்கும், எந்த டெஸ்ட், எந்த மருந்து ஸ்டோர்ல இருக்கணும்னு கையெழுத்து போடுறவங்களுக்கும்,

வணக்கம்.

நான் நுண்ணுயிரியல் லேப்ல வேலை பாக்குறேன். டாக்டர் கிடையாது. எங்க பக்கம் வந்து சேர்றது பாட்டில், டியூப், ஸ்லைடு, அதுல ஒட்டின ஒரு நம்பர், அவ்வளவுதான். ஆனா எய்ட்ஸ் நிலைமைக்கு போனவங்க ரத்தத்துல பூஞ்சை வளர்றத மொதல்ல பாக்குறது நாங்கதான், அது எவ்வளவு லேட்டா எங்க கைக்கு வருதுன்னும் எங்களுக்குத்தான் நல்லா தெரியும், அதனாலதான் இத எழுதுறேன். கோவமாவும் இருக்கு, அத மறைக்க போறதில்ல.

எய்ட்ஸ்னு ஒண்ணு இருக்குன்னு உலகத்துக்கு மொத மொத காட்டிக்குடுத்ததே பூஞ்சைதான், ஞாபகம் இருக்கா? 1981 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தோட வாராந்திர அறிக்கையில லாஸ் ஏஞ்சலஸ்ல 5 இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியான்னு ஒரு செய்தி வந்துச்சு, அந்த அஞ்சு பேருக்குமே கேண்டிடாங்குற பூஞ்சையும் இருந்துச்சு. அப்போ நியூமோசிஸ்டிஸ பூஞ்சைன்னே யாரும் சொல்லல, ஒருசெல் உயிரின்னு நெனச்சிட்டு இருந்தாங்க, 1988லதான் மரபணுவ வச்சு அது பூஞ்சைன்னு தெரிஞ்சுது. அது நுரையீரல் சமாச்சாரம், இங்க என் பேச்சு அத பத்தி இல்ல. ரத்தத்துல ஏறி உடம்பு முழுக்க போற பூஞ்சைகள பத்தி. இவ்வளவு வருஷம் கழிச்சும் அந்த பக்கம் உங்க திட்டத்துல கண்ணு பட மாட்டேங்குது.

மொதல்ல கிரிப்டோகாக்கஸ். ஒரு ஈஸ்ட், சுத்தி வழுவழுன்னு ஒரு உறை. பறவை எச்சம் கலந்த மண்ணு, மரப்பொந்து மாதிரி எடத்துல இருக்கும், காத்துல பறந்து மூச்சோட உள்ள போகும். நம்மள்ல நிறைய பேர் எப்பவோ அத சுவாசிச்சிருப்போம், உடம்பு அத ஒரு மூலையில அடக்கி வச்சிரும், நமக்கு தெரியக்கூட தெரியாது. எச்ஐவி முத்திப்போயி, சிடி4ங்குற எதிர்ப்பு சக்தி வெள்ளணுவோட எண்ணிக்கை 100க்கு கீழ இறங்கினா அந்த அடக்கி வைக்கிற ஆளு இல்ல. நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்கு, ரத்தத்துல இருந்து மூளைய சுத்தின சவ்வுக்கு. அப்பறம் தலைவலி, வாந்தி, பார்வை மங்குறது, குழப்பம், கடைசில நினைவு போறது.

இதுல எல்லாரும் பேசுறது அந்த கடைசி கட்டம், மூளைக்காய்ச்சல். நான் பேச வர்றது அதுக்கு முன்னாடி இருக்குற கட்டம். அந்த ஈஸ்ட்டோட உறை உதிர்ந்து ரத்தத்துல மிதக்கும், அதத்தான் ஆன்டிஜென்னு சொல்றோம். உகாண்டாவுல பண்ணி 2002ல வெளியான ஆய்வுல, ரத்தத்துல ஆன்டிஜென் வந்ததுக்கும் நோய் அறிகுறி தொடங்குறதுக்கும் நடுவுல பாதிப் பேருக்கு 22 நாளோ அதுக்கு மேலயோ இருந்துச்சு, சிலருக்கு மாசக்கணக்குல கூட. அந்த நாள் எல்லாம் அவங்க நடமாடிட்டுதான் இருக்காங்க. கிளினிக்குக்கு வர்றாங்க, வரிசையில நிக்குறாங்க, ஏஆர்டி, அதாவது எச்ஐவிய அடக்குற மாத்திரை வாங்கிட்டு போறாங்க. அன்னிக்கு அவங்ககிட்ட ரத்தமும் எடுக்குறோம்! அந்த டியூப்ல விடை இருக்கு, கேள்வி கேக்கத்தான் ஆளில்ல.

அத கேக்குறதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேணாம். ஒரு ஸ்ட்ரிப், 2011லயே அமெரிக்காவுல அனுமதி வாங்கினது. ஒரு சொட்டு பிளாஸ்மா, ஒரு சொட்டு திரவம், ஸ்ட்ரிப்ப உள்ள விட்டு 10 நிமிஷம். ரெண்டு கோடு வந்தா இருக்கு. ஃபிரிட்ஜ் கூட தேவையில்ல. இத பண்ண ரெண்டு வருஷ டிப்ளமோ கூட வேணாம், ஒரு நாள் சொல்லிக்குடுத்தா போதும். சிடி4 100க்கு கீழ இருக்குறவங்கள்ல நூத்துக்கு ஏறக்குறைய 6 பேருக்கு இது பாசிட்டிவ் ஆகும்னு உலக அளவுல கணக்கு பண்ணியிருக்காங்க. நூத்துக்கு ஆறுன்னா கம்மியா தெரியலாம், ஆனா அந்த ஆறு பேர அப்படியே விட்டா அவங்கள்ல பெரும்பாலானவங்க எங்க போய் நிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ சிடி4 விஷயம், இதுதான் எனக்கு ரொம்ப நாளா உறுத்துறது.

2015ல உலக சுகாதார நிறுவனம் சிடி4 எவ்வளவு இருந்தாலும் எச்ஐவி இருக்குற எல்லாருக்கும் மருந்து குடுங்கன்னு சொல்லுச்சு, நல்ல முடிவு, அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. ஆனா அதுக்கப்பறம் பல எடத்துல என்ன நடந்துச்சுன்னா, மருந்து எப்படியும் எல்லாருக்கும் குடுக்க போறோம், அப்பறம் எதுக்கு சிடி4, வைரல் லோட், அதாவது ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாத்தா போதும்னு சிடி4 மெஷினுக்கு ரீஏஜென்ட் வாங்குறத நிறுத்திட்டாங்க. வைரல் லோட் மருந்து வேலை செய்யுதான்னு சொல்லும். இந்த மனுஷன் அடுத்த மாசம் பூஞ்சையில சாவாரான்னு சொல்லாது. ரெண்டும் வேற வேற கேள்வி. நல்லா மருந்து எடுத்துட்டு ஸ்டெடியா இருக்குறவங்களுக்கு சிடி4 திரும்ப திரும்ப பாக்க வேணாம், சரி. புதுசா வர்றவங்களுக்கும், மருந்த விட்டுட்டு திரும்பி வர்றவங்களுக்கும், வைரல் லோட் ஏறி நிக்குறவங்களுக்கும் பாக்காம எப்படி விடுறது? அதே உலக சுகாதார நிறுவனம்தான் 2017ல முத்தின எச்ஐவிக்குன்னு தனி வழிகாட்டுதல் போட்டு, சிடி4 200க்கு கீழ இருந்தா இதெல்லாம் பண்ணுங்கன்னு சொல்லியிருக்கு. மொத வழிகாட்டுதல எல்லாரும் படிச்சிட்டாங்க, ரெண்டாவது எங்கயோ மேஜை மேல கெடக்கு போல.

"ஆள பாத்தாலே தெரியுமே, எளச்சு போயிருப்பாங்க, அவங்களுக்கு மட்டும் பாத்துக்கலாம்"னு ஒரு வாதம் வரும். தெரியாது. கென்யா, மலாவி, உகாண்டா, ஜிம்பாப்வே நாலு நாட்டுல 1805 பேர வச்சு பண்ணின ரியாலிட்டி ஆய்வு 2017ல வந்துச்சு, எல்லாருமே சிடி4 100க்கு கீழ உள்ளவங்க, அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் வெளிப்பார்வைக்கு மொத ரெண்டு கட்டத்துலதான் இருந்தாங்க, அதாவது பாத்தா நோயாளி மாதிரியே இல்ல. அதே ஆய்வுல ஃப்ளூகோனசோல்ங்குற பூஞ்சை மாத்திரை உட்பட தடுப்பு மருந்துங்க ஒரு கட்டா சேத்து 12 வாரம் குடுத்ததுல 24 வாரத்துக்குள்ள சாவு 12.2 சதவீதத்துல இருந்து 8.9க்கு இறங்குச்சு. மாத்திரையாலயே!

அதுக்கும் மேல இன்னொரு விஷயம் இருக்கு, இத நீங்க கொஞ்சம் பொறுமையா படிக்கணும். இப்போ எல்லா எடத்துலயும் "டெஸ்ட் பாசிட்டிவ் வந்த அன்னிக்கே ஏஆர்டி" அப்படின்னு ஒரு இலக்கு வச்சிருக்கீங்க. எத்தனை பேருக்கு அதே நாள்ல ஆரம்பிச்சோம்னு சதவீதம் போட்டு மீட்டிங்ல காட்டுறீங்க. பெரும்பாலானவங்களுக்கு அது நல்லதுதான். ஆனா கிரிப்டோகாக்கஸ் மூளைக்கு போயிருக்குற ஆளுக்கு அதே நாள் ஏஆர்டி ஆபத்து. 2014ல வந்த கோட் ஆய்வுல மூளைக்காய்ச்சல் சிகிச்சை ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்குள்ள ஏஆர்டி குடுத்தவங்கள்ல 26 வாரத்துல 45 சதவீதம் பேர் எறந்துட்டாங்க, சுமார் அஞ்சு வாரம் பொறுத்து குடுத்தவங்கள்ல 30. எதிர்ப்பு சக்தி திடீர்னு முழிச்சு மூளைக்குள்ள சண்டை போட ஆரம்பிச்சா அந்த வீக்கத்த ஆளு தாங்குறதில்ல. அதனாலதான் 4லிருந்து 6 வாரம் தள்ளி ஆரம்பிங்கன்னு சொல்றாங்க. அப்போ சிடி4 தெரியாம, ஸ்ட்ரிப் போடாம, தலைவலி இருக்கான்னு கூட கேக்காம அன்னிக்கே மாத்திரைய கையில குடுத்து அனுப்புறது இலக்க முடிக்கும், சிலர சேத்து முடிச்சிரும். 10 நிமிஷ ஸ்ட்ரிப் அந்த இலக்க கெடுக்கவும் கெடுக்காது, கவுன்சிலிங் பேசி முடிக்கிறதுக்குள்ள ரிசல்ட் வந்துரும்.

இத ஒழுங்கா பண்ண ஒரே வழி லேப்லயே தானா நடக்குற மாதிரி வைக்கிறது. சிடி4 200க்கு கீழ வந்துச்சா, அதே டியூப்ல மிச்சம் இருக்குற பிளாஸ்மாவ எடுத்து ஸ்ட்ரிப் போடு, ரெண்டு ரிசல்ட்டும் ஒரே பேப்பர்ல போகட்டும். டாக்டர் தனியா எழுதணும்னு காத்திருந்தா நடக்காது, அவங்க மேல தப்பு இல்ல, ஒரு நாளைக்கு எத்தனை பேர பாக்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். தென்னாப்பிரிக்காவுல 2016லிருந்து நாடு முழுக்க சிடி4 100க்கு கீழ வந்த சாம்பிளுக்கு லேப்லயே இத தானா பண்ண ஆரம்பிச்சாங்க. ஒரு நாடே பண்ண முடியுதுன்னா ஒரு திட்டம் பண்ண முடியாதா?

ஸ்ட்ரிப் பாசிட்டிவ் ஆனதோட வேலை முடியல, அங்கதான் தொடங்குது. தலைவலியே இல்லாம ஸ்ட்ரிப் பாசிட்டிவ் ஆனவங்கள்ல கூட சுமார் மூணுல ஒருத்தருக்கு பூஞ்சை ஏற்கனவே மூளை நீருக்கு போயிருக்கும். அதனால முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்து பாக்கணும். இதுக்கு மக்கள் பயப்படுறாங்க, நீர் எடுத்தா கை கால் விழுந்துரும், எடுத்த ஆள் செத்துட்டாருன்னு கதை வேற. செத்தது ஊசியால இல்ல, லேட்டா எடுத்ததால. இத ஆளுக்கும் கூட வந்தவங்களுக்கும் உக்காந்து சொல்ல ஒருத்தர் வேணும், அந்த ஒருத்தருக்கு சம்பளம் வேணும், அது உங்க பட்ஜெட்ல ஒரு வரி. மூளை நீரோட அழுத்தம் ஏறியிருந்தா அத எடுத்து எறக்குறதே சிகிச்சைதான், சில பேருக்கு தெனமும் எடுக்க வேண்டி வரும், அதுல தலைவலி குறையுறத அவங்களே உணருவாங்க. அழுத்தம் அளக்குற குழாய் இல்லன்னு அளக்காமலே விடுற எடம் இருக்கு, அதெல்லாம் ஒரு காரணமாங்க. வீக்கம்தானேன்னு ஸ்டீராய்டு போட்டு குறைக்கலாம்னு சிலருக்கு தோணும், அதையும் முயற்சி பண்ணி பாத்துட்டாங்க, 2016ல வந்த கிரிப்டோடெக்ஸ் ஆய்வுல டெக்ஸாமெத்தசோன் கெடுதல்தான் பண்ணுச்சு, பாதியிலயே நிறுத்த வேண்டியதாச்சு.

நீர் சுத்தமா இருந்தா ஃப்ளூகோனசோல் மாத்திரை, மொத ரெண்டு வாரம் 800 மில்லிகிராம், அப்பறம் 8 வாரம் 400, அதுக்கப்பறம் 200. இது எங்க வேணா கெடைக்குற மாத்திரை. டான்சானியாவுலயும் ஜாம்பியாவுலயும் பண்ணின ரெம்ஸ்டார்ட் ஆய்வுல, ஸ்ட்ரிப் டெஸ்டும் வீட்டுக்கு போய் சில வாரம் பாத்துக்கிற ஆளும் சேந்ததுல சாவு 28 சதவீதம் கம்மியாச்சு. அந்த வீட்டுக்கு போற ஆள சொன்னேன் பாத்தீங்களா, அவங்க டாக்டரோ நர்ஸோ இல்ல, பயிற்சி குடுத்த சாதாரண ஊழியர்.

நீர்ல பூஞ்சை இருந்தா கதை வேற. அங்க ஃப்ளூகோனசோல் மட்டும் பத்தாது, அது பூஞ்சைய வளர விடாம நிறுத்துமே தவிர வேகமா கொல்லாது. அத மட்டும் குடுத்து அனுப்புற எடத்துல பாதிக்கு மேல சாவு. ஆம்போடெரிசின் வேணும், கூட ஃப்ளூசைட்டோசின் வேணும். பழைய ஆம்போடெரிசின பத்தி நர்ஸுங்ககிட்ட கேளுங்க, ஏத்தும்போது குளிர் நடுக்கம், கிட்னி அடி வாங்கும், பொட்டாசியம் இறங்கும், ரத்தம் கொறையும், ஊசி போட்ட நரம்பு வீங்கும், அதையே நாள் கணக்கா ஏத்தணும், தெனம் ரத்தம் பாக்கணும். அந்த ரத்தம் பாக்குற வசதி இல்லாத எடத்துல மருந்தே ஆள கொல்லும்.

இது மாறிடுச்சு. 2022ல வெளியான ஆம்பிஷன் ஆய்வு, போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே அஞ்சு நாடு. கொழுப்பு உறைக்குள்ள வச்ச ஆம்போடெரிசின், அதாவது லிப்போசோமல், கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஒரே ஒரு தடவை, கூட 14 நாள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும். 10 வாரத்துல சாவு 24.8 சதவீதம், பழைய முறையில 7 நாள் ஏத்தினவங்களுக்கு 28.7. பக்க விளைவும் கம்மி. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனம் இதத்தான் மொத தேர்வுன்னு அறிவிச்சுது. ஒரு நாள் ஏத்தினா போதும்னா படுக்கை மிச்சம், நர்ஸ் வேலை மிச்சம், லேப்ல எங்களுக்கு தெனம் வர்ற பொட்டாசியம் டியூப் மிச்சம். 60 கிலோ ஆளுக்கு 50 மில்லிகிராம் வயல் 12 ஆகும், ஃப்ளூசைட்டோசின் 500 மில்லிகிராம் மாத்திரை நாளைக்கு 12, பதினாலு நாளைக்கு 168. கணக்கு அவ்வளவுதான். எத்தனை ஆளு வருவாங்கன்னு போன வருஷ சிடி4 லிஸ்ட்ட பாத்தா தெரியும், பெருக்கிப் பாத்து வாங்கி வைங்க.

ஃப்ளூசைட்டோசின் விஷயத்துல மட்டும் எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேங்குது. 1957ல புற்றுநோய்க்குன்னு தயாரிச்ச பொருள், அதுக்கு உதவல, 60கள்லயே பூஞ்சைக்கு வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சாச்சு. காப்புரிமை எப்பவோ முடிஞ்சாச்சு. அப்படியும் உலகத்துல சாவு எங்க ஜாஸ்தியோ அங்கெல்லாம் இந்த மாத்திரை பதிவாகாமலே பல காலம் கெடந்துச்சு, யாரும் பதிவு பண்ண விண்ணப்பமே போடல, ஏன்னா யாரும் வாங்குவோம்னு சொல்லல, யாரும் வாங்குவோம்னு சொல்லலன்னா யாரும் விண்ணப்பம் போட மாட்டாங்க. இந்த வட்டத்த உடைக்க முடிஞ்சவங்க நீங்கதான். லிப்போசோமல் ஆம்போடெரிசினுக்கு 2018ல கிலியட் கம்பெனி வயல் ஒண்ணு 16.25 டாலர்னு 116 நாடுகளுக்கு ஒரு விலை அறிவிச்சுது. அறிவிச்ச விலை வேற, ஸ்டோர்ல பெட்டி இருக்குறது வேற, அது உங்களுக்கு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல.

சரி, கிரிப்டோகாக்கஸ் ஒண்ணு மட்டுமா? இல்ல. ஆனா மத்த பூஞ்சைங்களுக்கு ஒரு பொது கஷ்டம், அதுங்க எல்லாம் டிபி மாதிரியே வரும். காய்ச்சல், எடை குறையுறது, இருமல், கல்லீரல் மண்ணீரல் வீக்கம், ரத்த அணு குறையுறது. எச்ஐவி இருக்கு, இதெல்லாம் இருக்கு, உடனே டிபி மருந்து. சளியில கிருமி தெரியலன்னாலும் டிபி மருந்து. பல தடவை அது சரியாவும் இருக்கும், அதுதான் சிக்கலே. ரெண்டும் சேந்தும் இருக்கலாம்.

ஹிஸ்டோபிளாஸ்மா அப்படித்தான். வவ்வால், பறவை எச்சம் சேந்த மண்ணுல இருந்து வரும். லத்தீன் அமெரிக்காவுல இது ரொம்ப ஜாஸ்தி, ஆப்பிரிக்காவுலயும் ஆசியாவுலயும் இருக்கு. கல்ச்சர்ல வளர நாலு ஆறு வாரம் கூட ஆகும். எங்க மெஷின்ல பிளட் கல்ச்சர் பாட்டில் வழக்கமா 5 நாள் ஓடும், அஞ்சாவது நாள் எதுவும் வளரலன்னு ரிப்போர்ட் போட்டு பாட்டில தூக்கி போட்டுருவோம். வாரக்கணக்குல வளர்ற ஒண்ண அஞ்சு நாள்ல இல்லன்னு சொல்றோம், சொல்றத அப்படியே நம்பிட்டு வார்டுல பூஞ்சைய லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுறாங்க. "பூஞ்சை சந்தேகம், எச்ஐவி"ன்னு ஃபார்ம்ல ரெண்டு வார்த்தை எழுதினா நாங்க பாட்டில தனியா வச்சு நாள் கூட்டி ஓட்டுவோம், டிபிக்கு போடுற பாட்டில்ல போடுவோம், அதுல இந்த பூஞ்சைங்களும் நல்லா வளரும். அந்த ரெண்டு வார்த்தை வர்றதில்ல. ஆனா இதுக்கும் சுருக்கு வழி இருக்கு, சிறுநீர்ல ஆன்டிஜென் பாக்குற டெஸ்ட், 2019ல உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய டெஸ்ட் பட்டியல்லயே சேத்தாச்சு. எத்தனை திட்டத்துல வாங்கியிருக்கீங்க?

டாலரோமைசிஸ் மார்னெஃபி இன்னொண்ணு, முன்னாடி பெனிசிலியம்னு சொல்லுவாங்க. 1956ல வியட்நாம்ல மூங்கில் எலி கிட்ட இருந்து கண்டுபிடிச்சது. தென்கிழக்கு ஆசியா, தெற்கு சீனா, இந்தியாவோட வடகிழக்கு, இங்கதான் இதோட பூமி. முகத்துல, நெஞ்சுல, கையில சின்ன சின்ன கட்டி, நடுவுல குழி விழுந்து கருத்து இருக்கும். அந்த கட்டிய லேசா சுரண்டி சாயம் போட்டு பாத்தா மைக்ராஸ்கோப்புலயே தெரியும், செல்லுக்கு நடுவுல குறுக்கு கோடு போட்ட மாதிரி ஒரு சுவர். ஹிஸ்டோபிளாஸ்மா மொட்டு விட்டு பிரியும், இது நடுவுல வெட்டி பிரியும், அந்த ஒரு கோட்டுலதான் வித்தியாசம். அறை வெப்பத்துல வளத்தா பிளேட் முழுக்க சிவப்பு சாயம் எறங்கும், பாக்க அழகா இருக்கும், சொல்லக்கூடாது ஆனா அழகுதான். 2017ல வியட்நாம்ல நடந்த ஆய்வுல மொதல்ல ஆம்போடெரிசின் குடுத்தவங்கள்ல 24 வாரத்துல 11.3 சதவீதம் சாவு, இட்ராகோனசோல் மாத்திரையில ஆரம்பிச்சவங்கள்ல 21. ஆக மாத்திரையே போதும்னு இங்கயும் சிக்கனம் பாக்க முடியாது. தென்னாப்பிரிக்காவுல 2013ல விவரிச்ச எமர்கோமைசிஸ்னு ஒண்ணு இருக்கு, அதுவும் தோல்லதான் காட்டிக்குடுக்கும், அதையும் டிபின்னோ அம்மைன்னோ நெனச்சு விட்டுருவாங்க.

இந்த பூஞ்சைங்க உடம்புக்குள்ள வருஷக்கணக்குல தூங்கும். அதனால இப்போ எங்க இருக்காருன்னு மட்டும் கேட்டா பத்தாது, முன்னாடி எங்க இருந்தீங்க, எங்க வேலை பாத்தீங்கன்னு ஒரு கேள்வி வேணும். பொழப்பு தேடி இடம் மாறினவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். டிபி மருந்துல ரிஃபாம்பிசின் இருக்கே, அது இட்ராகோனசோல ரத்தத்துல நிக்க விடாது, அப்போ ரெண்டு நோயும் சேந்து இருந்தா ரெண்டையும் ஒண்ணா எழுதி குடுத்துட்டு நிம்மதியா இருக்க முடியாது, அந்த அளவுக்கு கணக்கு பாக்குற ஒருத்தர் இல்லாத எடத்துல போன்லயாவது கேக்க ஒரு ஆள் வச்சுக்குடுங்க. இன்னொண்ணு, ஏஆர்டிய தள்ளி போடுறது மூளைக்கு போன பூஞ்சைக்குத்தான். மூளைக்கு போகாத ஹிஸ்டோபிளாஸ்மாவுக்கு சீக்கிரமே ஆரம்பிக்க சொல்றாங்க. பூஞ்சைன்னாலே ஏஆர்டிய நிறுத்துன்னு ஒரே சட்டம் போட்டுராதீங்க, உங்க சர்க்குலர் எல்லாம் அப்படித்தான் ஒரே வரில வரும்.

கேண்டிடா பத்தி சுருக்கமா. வாய்ல வெள்ளையா படியுற கேண்டிடா எச்ஐவில ரொம்ப சாதாரணம், ஆனா அது ரத்தத்துக்கு போறது எய்ட்ஸால மட்டும் அடிக்கடி நடக்காது, ரத்தத்துல அத தடுக்குறது வேற வெள்ளணு. ரத்தத்துல கேண்டிடா வந்தா பெரும்பாலும் நாம ரத்தக்குழாய்ல போட்ட லைன், நாம குடுத்த ஆன்டிபயாட்டிக், ஐசியூல நாள் கணக்கா படுக்க வச்சது, இதுதான் காரணம். லைன எடுங்க.

ஆனா இங்க எங்க லேப் ஆளுங்களுக்கும் ஒரு வேலை இருக்கு, அதையும் உங்க உத்தரவுல சேருங்க. கல்ச்சர் பாட்டில்ல ஏதோ வளருதுன்னு மெஷின் மணி அடிச்சதும் சாயம் போட்டு பாத்துட்டு "ஈஸ்ட் தெரியுது"ன்னு போன் பண்றோம். அத கேட்டதும் வார்டுல கேண்டிடான்னு எடுத்துக்கிட்டு காஸ்போஃபஞ்சின், மைக்காஃபஞ்சின் வகை மருந்து ஆரம்பிப்பாங்க, அது கேண்டிடாவுக்கு சரியான மருந்துதான். கிரிப்டோகாக்கஸுக்கு அந்த வகை மருந்து வேலையே செய்யாது. விலை ஒசந்த மருந்து ஓடிட்டு இருக்கும், பூஞ்சை பாட்டுக்கு வளந்துட்டு இருக்கும், பேர் கண்டுபிடிச்சு சொல்ல ரெண்டு மூணு நாள் ஆகும். எச்ஐவி இருக்குறவர் பாட்டில்ல ஈஸ்ட் வந்தா அன்னிக்கே அவரோட சீரத்துல ஸ்ட்ரிப் போட்டுத்தான் போன் பண்ணணும்னு ஒரு விதி இருந்தா இந்த ரெண்டு மூணு நாள் மிச்சம். 10 நிமிஷ வேலை, ஸ்ட்ரிப் கையில இருந்தா. நான் பாத்த எடத்துல வருஷத்துல பாதி நாள் ஸ்ட்ரிப் ஸ்டாக் இருக்காது, கேட்டா இண்டென்ட் போயிருக்குன்னு பதில்.

2022 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனம் மொத தடவையா ஆபத்தான பூஞ்சைங்களுக்கு ஒரு பட்டியல் போட்டுச்சு, 19 பூஞ்சை, அதுல அதிஅவசர வரிசையில கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் இருக்கு. பட்டியல் போட்டா பணம் வரும்னு நெனச்சோம். 2020க்கான கணக்குல எச்ஐவி இருக்குறவங்கள்ல கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் மட்டும் வருஷத்துக்கு 1,52,000 பேருக்கு வந்து 1,12,000 பேர் எறக்குறாங்கன்னு மதிப்பிட்டாங்க, எய்ட்ஸ் சாவுல அஞ்சுல ஒண்ணு கிட்ட. 2023ல எய்ட்ஸ் தொடர்பான சாவு 6,30,000ன்னு ஐநா எய்ட்ஸ் அமைப்பு சொல்லுச்சு. புது தொற்ற குறைக்குறதுக்கு போஸ்டர் அடிக்கிறீங்க, நல்லது. ஏற்கனவே முத்திப்போய் வாசல்ல நிக்குறவர இந்த கணக்குல எங்க வச்சிருக்கீங்க? அவர பாத்து சொல்ற ஒரு பேச்சும் இருக்கு, "மாத்திரைய ஒழுங்கா போட்டிருந்தா இது வந்திருக்குமா"ன்னு. மருந்த விட்டதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், வேலை போச்சு, வீட்டுல தெரிஞ்சு போச்சு, மனசு உடஞ்சு போச்சு, கிளினிக்ல ஒரு நாள் திட்டு வாங்கினாரு. திரும்பி வந்த அன்னிக்கு அவர திட்டுற நேரத்துல ஒரு டியூப் ரத்தம் எடுக்கலாம்.

நான் கேக்குறது இதுதான். உங்க வருஷாந்திர அறிக்கையில வைரல் லோட் பக்கத்துக்கு அடுத்த பக்கத்துல இதையும் போடுங்க: புதுசாவும் திரும்பியும் வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு சிடி4 பாத்தீங்க, 200க்கு கீழ இருந்தவங்கள்ல எத்தனை பேருக்கு ஸ்ட்ரிப் போட்டீங்க, பாசிட்டிவ் ஆனவங்கள்ல எத்தனை பேருக்கு முதுகுல நீர் எடுத்தீங்க, தேவைப்பட்டவங்கள்ல எத்தனை பேருக்கு ஆம்போடெரிசினும் ஃப்ளூசைட்டோசினும் ரெண்டுமே கெடச்சுது, இதுல எது எத்தனை நாள் ஸ்டாக் இல்லாம இருந்துச்சு. ஒவ்வொரு கிளினிக் வாரியா போடுங்க, மொத்த சராசரி வேணாம், சராசரில எல்லாம் ஒளிஞ்சுக்கும். நம்பர் மோசமா இருந்தாலும் போடுங்க, எங்க லேப் ரிஜிஸ்டர்ல எங்க பக்கத்து நம்பர் இருக்கு, நாங்க குடுக்க தயார், கேளுங்க.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் லேப் ஊழியர் ஒருத்தர்